இடது பக்கச் சக்கரங்கள்

எஞ்சினின் இரண்டு பக்கத்துத் தண்டுகளும் ஒரே இடத்தில் நிற்பதைக் கண்ட அந்தக் காலையில்தான் எனக்கு மெய்யான பயம் வந்தது. பேராதனை ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை. அங்கே எனக்காகப் பயப்பட ஆட்கள் இருந்தார்கள். மனைவி பயந்தாள், கட்டாரில் இருந்து மகள் தொலைபேசியில் பயந்தாள், பாடசாலையில் இருந்து வந்த ஆசிரியர்கள் ஆப்பிள் பையோடு வரிசையாக நின்று பயந்தார்கள். நான் பாட்டுக்குக் கிடந்தேன்.

எஞ்சின் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். குமிழ் வைத்த பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்திக் கட்டிய நீராவி எஞ்சின், என் முழங்கையில் இருந்து விரல் நுனி வரை நீளம். மகள் வளர்ந்து கைவிட்ட விளையாட்டுக் கட்டைகளை நான் எடுத்துக்கொண்டு பல வருடம் ஆகிறது. பெட்டியில் வரும் படத்தைப் பார்த்துக் கட்டுவது எனக்கு ஒத்துவராது. கடுகண்ணாவை ரயில் அருங்காட்சியகத்தில் நிறுத்தி வைத்திருக்கும் பழைய எஞ்சின்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, படம் எடுத்து, அளவைக் கணக்குப் போட்டுச் சுருக்கி, அதன்படி கட்டுவேன். நான் கணக்கு ஆசிரியன், கெலிஓயாப் பக்கம் ஒரு தமிழ்ப் பாடசாலையில். வேறு எந்த விளையாட்டிலும் கணக்கு இவ்வளவு உதவாது. கறுப்புக் கட்டைதான் எப்போதும் தட்டுப்பாடு. அதை மகள் பார்சலில் அனுப்புவாள். "மத்தவங்க அப்பாவுக்கெல்லாம் பேரீச்சம்பழம்தான் அனுப்புறாங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக் காட்டுவாள்.

பக்கவாதம் வந்தது எனக்குத் தெரியாது. இது பகிடி இல்லை. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவன் கதிரையில் உட்கார்ந்தேன், பிறகு ஆஸ்பத்திரி. இடது கை சோர்ந்து போயிருந்தது, இடது கால் இழுத்தது. கொஞ்ச நாளில் கால் சரியானது, கையும் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன், இனி என்ன என்று நினைத்தேன். ஆனால் மனைவி மட்டும் என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முதலில் சாப்பாட்டில் தொடங்கியது. தட்டில் கறியே இல்லை என்று சத்தம் போட்டேன்.

"பட்டினி போடத்தான் ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டு வந்தியா? கறி எங்க?"

அவள் என் தட்டை அரைவாசி திருப்பினாள். உருளைக்கிழங்குக் கறி, பருப்பு, பொரித்த மீன், எல்லாம் வந்து நின்றன. "இஞ்ச பாருங்கோ. எல்லாம் கிடக்குது" என்றாள். அவள் யாழ்ப்பாணத்துக்காரி. என்னைக் கட்டிக் கண்டிக்கு வந்து இத்தனை வருடமாகியும் அவளுடைய தமிழ் ஒரு அங்குலம்கூட மலை ஏறவில்லை. நான் அவள் ஏதோ வித்தை காட்டுகிறாள் என்று நினைத்தேன். இடது பக்கத்தில் இருந்த கறி எனக்குத் தெரியவே இல்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

கண்ணில் குறை இல்லை என்று கிளினிக்கில் இருந்த மிஸ் விளக்கினார். கைப்பயிற்சி கொடுக்கும் இளம் பெண் அவர், நல்ல தமிழ் பேசும் முஸ்லிம் பிள்ளை. கண் பார்க்கிறது, மூளை இடது பக்கத்தைக் கணக்கில் எடுக்க மறந்துவிடுகிறது என்றார். மறந்தது என்று தெரிந்தால்தானே தேடுவது? மறந்ததே தெரியாதவன் எதைத் தேடுவான்? எனக்குத் தலை சுற்றியது. அவர் ஒரு வட்டத்தைக் கீறி, அதற்குள் மணிக்கூட்டு இலக்கங்களைப் போடச் சொன்னார். போட்டேன். கணக்கு வாத்தியாருக்கு மணிக்கூடு பரீட்சையா என்று சிரித்துக்கொண்டே நீட்டினேன். மனைவியின் முகம் போன போக்கைப் பார்த்து, "ஏன், அழகா வரலையா?" என்று கேட்டேன். பன்னிரண்டு இலக்கத்தையும் வலது பாதிக்குள் திணித்து வைத்திருந்தேன் என்பதை அவள்தான் பிறகு பஸ்ஸில் வரும்போது சொன்னாள். நான் நம்பவில்லை.

பாடசாலைக்குத் திரும்பிப் போக வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் குறி. வகுப்பின் இடது வரிசை முழுவதையும் காணாத ஆசிரியனை யார் உள்ளே விடுவார்கள்? லீவு முடியும் முன் மிஸ் பார்த்துச் சொல்ல வேண்டும், அதை வைத்துத்தான் டாக்டர் கடிதம் கொடுப்பார். எனக்கு என்ன வேலை தெரியும் என்று மிஸ் கேட்டபோது எஞ்சினைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு நல்ல சந்தோஷம். "அப்ப அதயே கட்டிக் கொண்டு வாங்க சேர். ரெண்டு கையாலயும் கட்டணும். அடிக்கடி திருப்பித் திருப்பிப் பார்க்கணும், ஏலும்தானே?"

ஏலும் என்றேன். ஏலாத எதையும் நான் வாழ்க்கையில் ஏலாது என்று சொன்னது கிடையாது.

சாப்பாட்டு மேசையின் ஒரு பாதி எனக்கு, மறு பாதி மனைவிக்கு. அவள் வீட்டில் இருந்தபடி சேலை பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள். அவளுடைய துணியும் கத்தரிக்கோலும் அந்தப் பக்கம், என்னுடைய கட்டைகள் இந்தப் பக்கம். கீழே பாதையில் பேராதனைக்குப் போகும் டீசல் ரயில் கடக்கும்போது என் சிறு கட்டைகள் தட்டுக்குள் கிலுகிலுக்கும். கொதிகலன் உருண்டையாக வர வேண்டும், கட்டைகளோ சதுரம். அதை வளைத்துக் கொண்டுவருவதற்குள் எனக்குப் பலமுறை பொறுமை போய்விட்டது. இடது கையில் பிடித்த கட்டை நழுவி விழும், நான் ஏசுவேன். யாரை ஏசினேன் என்று கேட்டால் தெரியாது. கட்டையைத்தான் என்று நினைக்கிறேன்.

சக்கரத்துக்கு வந்தபோது ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. நீராவி எஞ்சினின் பெரிய சக்கரங்களை வெளியே ஒரு தண்டு கோத்திருக்கும், ரயில் ஓடும்போது அது மேலும் கீழுமாகப் போய் வரும். வலது பக்கம் ஒரு தண்டு, இடது பக்கம் ஒரு தண்டு. ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் நிற்காது. ஒன்று மேலே நின்றால் மற்றது கால் சுற்று முன்னால் நிற்கும். சைக்கிள் மிதிக்கிறவனுக்குத் தெரியும், பெடல் நேர் உச்சிக்கு வந்துவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் போகாது. அப்படி ஒரு பக்கம் மாட்டிக்கொள்ளும் இடத்தில் மற்றப் பக்கம் இழுத்துவிட வேண்டும், அதற்காகத்தான் அந்தக் கால் சுற்று வித்தியாசம். என் எஞ்சினிலும் உள்ளே வைத்த சிறு மோட்டார் ஒரு அச்சை மட்டும்தான் சுழற்றும், மற்றச் சக்கரங்களைத் தண்டுதான் இழுக்க வேண்டும். எனவே கால் சுற்றுத் தள்ளி மாட்டினேன். அச்சின் முனை கூட்டல் அடையாளம் போல இருக்கும், கால் சுற்றாகத் திருப்பி மாட்டுவது சுலபம். எஞ்சினைத் திருப்பி வைத்து, இடது கையால் அச்சைப் பிடித்து, வலது கையால் சக்கரத்தை அழுத்தி மாட்டியது எனக்கு நன்றாக நினைவு இருக்கிறது.

மேசையில் வட்டமாகத் தண்டவாளம் போட்டு ஓட விட்டேன். ஓடியது. அன்று நான் கை தட்டினேன், இரண்டு கையாலும். மனைவி தையலை நிறுத்திவிட்டு எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் சந்தோஷப்படுகிறாள் என்று நினைத்தேன்.

கிளினிக்குக்கு முதல் நாள் காலை முடி வெட்டிக்கொள்ளப் போனேன். திரும்பி வந்து, ஒரு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைக்கலாம் என்று மோட்டாரைப் போட்டேன். எஞ்சின் ஒரு அடி எடுத்து வைத்து, நடுங்கி, நின்றது. விரலால் தள்ளினேன். முன் சக்கரம் முன்னுக்கும் பின் சக்கரம் பின்னுக்கும் போகப் பார்த்து இறுகிக்கொண்டன. தூக்கித் திருப்பிப் பார்த்தேன். வலது பக்கத் தண்டு மேலே நின்றது. இடது பக்கத் தண்டும் மேலே நின்றது.

நான் உட்கார்ந்துவிட்டேன். நேற்று ஓடியதே? ஓடியதா? கை தட்டினேனே? தட்டினேன் என்று நினைத்தேனா? மணிக்கூட்டு இலக்கங்களையும் சரியாகப் போட்டேன் என்றுதானே நினைத்தேன். தட்டில் கறி இல்லை என்பதும் அன்றைக்கு எனக்கு உண்மைதான். அப்படியானால் கால் சுற்றுத் தள்ளி மாட்டியது எந்த வகை? ஒரு மனிதனுக்கு நடந்ததும் நடக்காததும் ஒரே நிறத்தில் நினைவிருந்தால் அவன் எதைப் பிடித்துக்கொண்டு எழும்புவது?

போனில் படம் இருக்கும் என்று நினைவு வந்தது. கட்டக் கட்ட எடுத்த படங்கள் நிறைய இருந்தன. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். எல்லாம் வலது பக்கம். அடிச்சட்டம் கட்டியபோது வலது பக்கம், கொதிகலன் கட்டியபோது வலது பக்கம், புகைபோக்கி வைத்தபோது வலது பக்கம். இடது பக்கத்தில் ஒரு படம்கூட எடுக்கவில்லை. நான் தேடிய பதில் அதில் இல்லை, நான் கேட்காத கேள்விக்குத்தான் பதில் இருந்தது.

கணக்கை வைத்துச் சரிபார்க்கலாமே என்று தோன்றியது. கால் சுற்றுத் தள்ளித்தான் இருக்க வேண்டும், அதுதான் சரி. அந்தச் சரியும் என் தலைக்குள் இருந்துதானே வருகிறது? இருபது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த தலை, அன்றைக்கு எனக்கு யாரோ இரவல் கொடுத்த தலை மாதிரி இருந்தது. கோபம் வரவில்லை. எனக்குக் கோபம் வராதது இன்னும் பயமாக இருந்தது.

மத்தியானம் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன்.

"நாளைக்கு கிளினிக்குக்குப் போவோம். ஆனா கடிதம் கேட்க வேணாம்."

"ஏனப்பா?"

"நான் ஸ்கூலுக்குப் போகல. போதும். பென்ஷனுக்கு எழுதிக் குடுத்திடலாம்."

அவள் சோற்றைப் பிசைந்த கையை எடுக்கவில்லை. "நேற்று வரைக்கும் போகோணும் போகோணும் எண்டு நிண்டனீங்கள். இப்ப என்ன வந்தது?"

சொன்னேன். எஞ்சின் நின்றதை, தண்டுகள் இரண்டும் ஒன்றாக நின்றதை, படங்களை. நான் மாட்டாத ஒன்றை மாட்டியதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், இந்தத் தலையோடு பிள்ளைகளுக்கு முன்னால் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை என்று சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் வெட்கமாக இருந்தது.

அவள் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தாள். "அதை நான்தானப்பா மாத்தினனான்" என்றாள்.

"எதை?"

"அந்தக் கம்பியை. நீங்கள் முடி வெட்டப் போன நேரம். ஒரு பக்கம் மேல நிக்குது, மற்றப் பக்கம் முன்னுக்கு நிக்குது. பிழையா மாட்டிப்போட்டீங்கள் எண்டு நினைச்சன். நாளைக்கு மிஸ் பார்த்தால் இடது பக்கம் இன்னும் சரிவரேல்லை எண்டு சொல்லுவா, கடிதம் தரமாட்டினம். அதுதான் கழட்டி ரெண்டையும் ஒண்டா மாட்டினன்."

வாழ்நாள் முழுவதும் பிளவுஸ் தைப்பவள். ஒரு கை முன்னுக்கும் ஒரு கை பின்னுக்கும் நிற்கும் சட்டையை அவள் எந்தக் காலத்திலும் யாருக்கும் கொடுத்ததில்லை. இரண்டு பக்கமும் ஒன்று போல இருக்க வேண்டும் என்பது அவளுடைய தொழிலின் முதல் பாடம். அது எனக்கு இப்போது விளங்குகிறது, அப்போது விளங்கவில்லை. இல்லாமல் போயிருந்த கோபம் முழுவதும் ஒரேயடியாக வந்தது.

"என் சாமானை ஏன் தொட்ட? யாரைக் கேட்டுத் தொட்ட? காலையில இருந்து எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன், தெரியுமா?"

"கத்தாதேங்கோ. திரும்பியும் பிரஷர் ஏறும்."

"ஏறட்டும்!"

அதன் பிறகு சிரிப்பு வந்தது, அதுவும் அடக்க முடியாமல். என் தலை சரியாகத்தான் இருந்திருக்கிறது! எஞ்சினைத் தூக்கி வந்து சக்கரங்களைக் கழற்றி, கால் சுற்றுத் தள்ளி மாட்டி, மோட்டாரைப் போட்டேன். ஓடியது. அவளை அருகில் கூப்பிட்டுச் சைக்கிள் பெடல் கதையைச் சொன்னேன், கரும்பலகை ஒன்றுதான் இல்லை. அவள் தலையாட்டினாள், ஆனால் சந்தோஷப்படவில்லை.

"பாத்தியா, நான் சரியாத்தான் கட்டியிருக்கேன். முழுசா" என்றேன்.

"ஓம்" என்றாள். குரல் சரியாக இல்லை.

"என்ன ஓம்?"

மேசையில் கிடந்த துணியை ஒதுக்கி வைத்தாள். பிறகு எஞ்சினை மெல்லத் திருப்பி இடது பக்கத்தை என் முன்னால் வைத்தாள். "இந்தப் படி நான் வைச்சது. இந்தக் கைபிடிக் கம்பியும் நான்தான். சாரதி நிக்கிற இடத்து யன்னலும். வலது பக்கத்தைப் பார்த்துப் பார்த்து வைச்சன், பிளவுஸுக்கு ஒரு கையைப் பார்த்து மற்றக் கை வெட்டுற மாதிரி. நீங்கள் படுத்திருக்கிற நேரம் கொஞ்சம் கொஞ்சமா."

நான் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன், முகம் அப்படியே நின்றுவிட்டது. அந்தப் படியை நான் வைத்ததாகத்தான் நினைத்திருந்தேன். யன்னலையும். சக்கரத்துக்காக மட்டும் எஞ்சினைத் திருப்பியிருக்கிறேன், ஓடாவிட்டால் எனக்கே தெரிந்துவிடும் என்பதால். மற்றவற்றுக்கு வலது பக்கம் முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று எழுந்து போயிருக்கிறேன். அப்படியானால் என் தலை சரியா, பிழையா? இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி இருக்க முடியும்? கணக்கில் இப்படி ஒரு விடை வந்தால் பிள்ளையைத் திரும்பச் செய்யச் சொல்வேன்.

"நீ வைச்சதெல்லாம் கழட்டு" என்றேன்.

"ஏனப்பா? நாளைக்கு மிஸ்ஸுக்குக் காட்டிப்போட்டுக் கழட்டுவம்."

"கழட்டு. நான் பார்க்கணும்."

அவள் கழற்றத் தொடங்கினாள். நகத்தால் நெம்பி ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். படி போனது, கைபிடி போனது, யன்னல் போனது. ஒரு சிறு விளக்கில் கை வைத்துவிட்டு நிறுத்தினாள். "இது நான் வைச்சனோ நீங்கள் வைச்சதோ தெரியேல்லை" என்றாள். எனக்கும் தெரியவில்லை. அதை அப்படியே விட்டோம். கழற்றி முடித்தபோது இடது பக்கம் கறுப்புச் சுவர் மாதிரி வெறுமையாக நின்றது, கீழே சக்கரமும் தண்டும் மட்டும் சரியாக இருந்தன. அதுவரை எல்லாரும் சொல்லிச் சொல்லித்தான் என் நோயைக் கேட்டிருந்தேன். அன்று அதைக் கண்ணால் கண்டேன். அதைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அதையே பெட்டியில் வைத்துக் கொண்டு போனோம். மிஸ் ஓட்டிப் பார்த்தார், நன்றாக ஓடியது. பாராட்டினார். அவர் அடுத்ததற்குப் போகும் முன் நானே எஞ்சினைத் தூக்கித் திருப்பி வைத்தேன்.

"இந்தப் பக்கம் இன்னும் கட்டல மிஸ். கட்டிட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

அவர் எஞ்சினைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "திருப்புங்கன்னு நான் சொல்லல்லயே சேர், நீங்களாத்தானே திருப்பினீங்க" என்றார். கடிதம் இப்போது இல்லை, ஒரு மாதம் கழித்து வாருங்கள், அப்போது பார்ப்போம் என்றார். அவர் அதைச் சந்தோஷமான செய்தி மாதிரிச் சொன்னார். எனக்கு அது சந்தோஷமா துக்கமா என்று பிடிபடவில்லை.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் எஞ்சின் பெட்டி என் மடியில் இருந்தது. மனைவி இடது பக்கம், யன்னலோரம். தலையை முழுவதும் திருப்பிப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் இல்லை என்றாகிவிடும் என்று மிஸ் சொல்லியிருந்ததால் திருப்பினேன். கழுத்து எலும்பு தெரிய, கன்னம் ஒட்டிப்போய், யாரோ ஒருத்தி மாதிரி அவள் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து இன்று வரை அவள் எப்போதும் என் இடது பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள், சோரும் கையைப் பிடித்துக்கொள்ள. எனக்கு இது தெரியாமல் போயிருக்கிறது.

"நீ எப்ப இருந்து இப்படி மெலிஞ்ச?" என்று கேட்டேன்.

அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "கன நாளாய். இண்டைக்குத்தான் பாத்தனீங்கள்."